லோரிக்கு முன்னால் நடந்தவள்

வணிக ட்ரோன் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் நீலாவதி தேறிவிட்டாள். மிச்சமிருந்தது, சனிக்கிழமை ஈப்போவில் செய்முறைத் தேர்வு. அதில் ஒரேயொரு பயிற்சிதான் அவளைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. ட்ரோனின் முகம் தன்னைப் பார்த்திருக்க, அதை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். முகம் திரும்பியதும் அதன் இடது அவளுக்கு வலதாகிவிடும். காற்று லேசாகத் தள்ளினாலும் விரல் தவறான பக்கம் போகும். அவள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தின் பயிற்சி ட்ரோன் இரண்டு முறை செடிக்குள் விழுந்து எழுந்துவிட்டது.

பதினாறு ஆண்டுகள் பூச்சிமருந்துப் பம்பைச் சுமந்ததில் அவள் வலது தோள் தேய்ந்திருந்தது. இனிச் சுமக்கவே கூடாதென்று தானா ராத்தா நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். உரிமம் கிடைத்தால் மருந்தடிக்கும் ட்ரோனை அவளே ஓட்டலாம். கிடைக்காவிட்டால் கொடுக்க வேறு வேலை இல்லையென்று தோட்ட மேலாளரான துரை தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை, டாக்டரைப் பார்த்துவிட்டுக் கணவன் மகேனின் காய்கறி லோரியில் திரும்பும்போது மூடுபனி இறங்கியது. தோட்டத்துப் பாதை குறுகல். ஓரத்தில் ஆழமான சாக்கடை. வழக்கம்போல் அவள் இறங்கி, லோரியைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து வழி சொன்னாள்.

“லெஃப்ட்டு ஒடிங்க. போதும். நேரா வாங்க.”

லோரி நின்றது. மகேன் தலையை வெளியே நீட்டினான்.

“இப்ப சொன்னியே லெஃப்ட்டு, அது யாரோட லெஃப்ட்டு?”

“உங்களோடதுதான். என்னோடதைச் சொன்னா லோரி சாக்கடையில கிடக்கும்லா.”

“பத்து வருசமா இதைத்தானே செய்யறே. அந்த ட்ரோன்ல என்னைத் தூக்கி உட்கார வச்சுக்க.”

அவள் சிரிக்கவில்லை. இத்தனை காலமும் மனத்தால் அவனுடைய இருக்கையில் உட்கார்ந்துதான் வழி சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னாலிருந்த பூப்பந்துத் திடலில் மகேன் ட்ரோனானான். காலிக் காய்கறிக் கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றான். அவள் ட்ரோன் ஓட்டும் கருவியின் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் தன் இடப்பக்கம் ஓரடி நகர்ந்தான். இடையிடையே காற்றடித்ததுபோல் தானாகவே சாய்ந்தான். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அங்கேயே நின்றுவிட்டாள்.

“கல்யாணமான நாள்லருந்து இவரை இப்படித்தானே ஓட்டறே, நீலா. இதுக்கு எதுக்கு லைசென்சு?”

லயமே சிரித்தது. “பேட்டரி இன்னும் தீரலக்கா,” என்றான் மகேன். விடியுமுன் எழுந்து ஈப்போவரை காய்கறி ஏற்றிப் போய்வந்த மனிதன், இருட்டும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். நீலாவதி அந்தக் கால்களையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை ட்ரோன் மேலெழுந்து முகம் திருப்பியது. காற்று தள்ளியது. அவளுடைய உதடு அசைந்தது. விரல் சரியான பக்கம் போனது. ட்ரோன் நின்ற இடத்திலேயே நின்றது.

தாளில் தேர்ச்சி என்று குறித்த தேர்வு அதிகாரி, என்ன முணுமுணுத்தாய் என்று மலாயில் கேட்டார். கணவருக்கு வழி சொன்னதாக அவளும் மலாயிலேயே சொன்னாள். அவர் புரியாமல் தலையாட்டினார்.

வெளியே, நெருக்கி நின்ற கார்களுக்கு நடுவே மகேன் லோரியில் காத்திருந்தான். அவள் ஏறவில்லை. நேரே லோரிக்கு முன்னால் போய், சுள்ளென்று அடித்த வெயிலில் அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“லெஃப்ட்டு ஒடிங்க,” என்றாள்.

மகேன் எஞ்சினைக் கிளப்பினான்.

“பனியே இல்லையே, நீலா,” என்று சொல்லிக்கொண்டே, தன் இடப்பக்கம் ஒடித்தான்.