நல்லவிதமாகவே சொன்னார்கள்

வக்கீல் அருள்செல்வன் இரண்டு வருடமாக யாருக்கும் மாலை போடவில்லை. யார் கையாலும் மாலை வாங்கிக்கொள்ளவும் இல்லை. மந்திரி வருகிற கல்யாணம் என்றால் மறுநாள் போய் மொய் வைத்துவிட்டு வருவார். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டார். குலதெய்வக் கோயில் குழுவில் யாரோ கட்சிக்கொடியோடு காலை வணக்கம் போட்டதைப் பார்த்ததும் அதிலிருந்தும் விலகினார். தெய்வம் புரிந்துகொள்ளும் என்று நம்பினார்.

காரணம் இதுதான். உயர் நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் கூடி, புதிய நீதிபதிகளாக நியமிக்கலாம் என்று டெல்லிக்கு அனுப்பிய பெயர்களில் அவர் பெயரும் இருந்தது. இனி உளவுத்துறை ஆள் விட்டு விசாரிக்கும். ஆள் யோக்கியம், எந்தக் கட்சியின் வாடையும் இல்லை என்று எழுதி வந்தால் கோப்பு மேலே நகரும். இல்லையென்றால் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஏன் படுத்தது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். முறைப்படி எல்லாமே ரகசியம். கோர்ட் கேண்டீனில் வடை போடுகிறவர் "கோட்டு தைக்கக் குடுத்தாச்சா சார்?" என்று கேட்கிற அளவுக்கு ரகசியம்.

சொந்த ஊரான திருப்பூரில் மட்டும் யாருக்கும் தெரியாது. அருள்செல்வன் அப்படிப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பி மோகன்ராஜ் பனியன் கம்பெனி முதலாளி. டிவி விவாதத்தில் அண்ணன் ஒரே ஒரு முறை முகம் காட்டியதற்கு அவிநாசி ரோடு நெடுக "கொங்கு மண்ணின் சட்டச் சிங்கமே" என்று பிளக்ஸ் வைத்தவன். நீதிபதி என்று காதில் விழுந்தால் என்ன வைப்பான் என்பதை நினைக்கவே அருள்செல்வனுக்கு வியர்த்தது. அதனால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவரை மோகன்ராஜ் வாசலுக்கே ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"வாங்ணா, வாங்ணா. நம்மூட்டுக்கு யோகம் வந்திருச்சுங்ணா!"

"என்னடா மோகா?"

"பூங்குழலிக்கு ஒரு பெரிய எடம் விசாரிக்க ஆளனுப்பிச்சிருக்குதுங்க. மொதல்ல சாப்பிடுங்க, சொல்றேன்."

அந்தப் பக்கத்தில் பெண் கேட்டு நேராக வீட்டுக்கு வருவதில்லை. முதலில் முகம் தெரியாத ஒருவர் தெருமுனை டீக்கடையில் வந்து உட்காருவார். பெண்ணைப் பற்றி வாயே திறக்கமாட்டார். பெரியப்பன் எப்படி, பங்காளிகளுக்குள் சண்டை உண்டா, தோட்டம் யார் பேரில் இருக்கிறது என்று சுற்றிவளைத்துத்தான் வருவார். பெண் வீட்டாருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். தெருவும் தெரியாத மாதிரியே நல்லவிதமாகச் சொல்லும். நாளைக்குத் தன் வீட்டுப் பெண்ணுக்கு ஆள் வரும்போது அடுத்தவர் வாய் வேண்டுமே.

மோகன்ராஜின் மனைவி தேவிப்பிரியா இட்லி வைத்தாள். மகள் பூங்குழலி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, அந்தாளு என்னையப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலைங்க. முச்சூடும் உங்களப் பத்தியேதான். எனக்கென்னமோ மாப்பிள்ளைக்கு உங்க மேலதான் கண்ணுன்னு படுது."

"வாய மூடு கண்ணு," என்றான் மோகன்ராஜ். "பெரிய எடம்னா அப்படித்தான். பேண்ட்டுக்குள்ள சட்டைய உட்டுக்கிட்டு, டீயக் குடிச்சுக்கிட்டே, சிரிக்காமக் கேட்டாராமுங்ணா. வக்கீலுக்கு எந்தக் கட்சில பழக்கம், யாரு சிநேகிதம், சொத்து எங்கெங்க இருக்குதுன்னு."

அருள்செல்வன் கையிலிருந்த இட்லி கையிலேயே நின்றது.

"எப்படா வந்தாரு?"

"போன வாரமுங்க. மொத நாளு டீக்கடைச் சுப்பையன் போன் பண்ணிட்டான், ஒராளு வந்து கேட்டுட்டுப் போறாப்பல, நாளைக்கும் வருவாப்பலன்னு. நான் சும்மா இருப்பனுங்களா? பையர் ஆடிட்டிங் வாரப்ப செய்வமில்ல, அதே மாதிரி ஒரு ரவுண்டு வந்துட்டேன்."

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் தொழிற்சாலையைச் சோதிக்க ஆள் அனுப்பும்போது, கேள்விக்கு என்ன பதில் என்று தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுப்பது மோகன்ராஜின் வழக்கம். இந்த முறை தெரு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"என்னன்னு சொல்லிக் குடுத்த?"

"நல்லவிதமாத்தானுங்ணா."

அருள்செல்வன் கை கழுவிவிட்டு டீக்கடைக்கு நடந்தார். சுப்பையன் எழுந்து நின்று துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"வாங்க வக்கீலய்யா. ஒண்ணும் வெசனப்படாதீங்க. பிச்சு ஒதறிட்டேன்."

"என்ன சொன்னீங்கன்னு அப்படியே சொல்லுங்க."

"எந்தக் கட்சின்னு கேட்டாருங்க. ஒரு கட்சி என்னங்க, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, டெல்லிக் கட்சி, அத்தனையும் அவரு கைக்குள்ளன்னேன். காங்கேயத்துத் தென்னந்தோப்பு யாருதுன்னாரு. தம்பி பேருல இருக்குது, ஆனா அண்ணனோடதுன்னேன்."

"அது மோகனோட தோப்புங்க!"

"தெரியாதுங்களா? உங்க மதிப்புக்குச் சொன்னதுங்க. அப்பறம், சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஒத்தாசை பண்ணுவாரான்னு கேட்டாரு. சொந்தக்காரன்னு போய் நின்னா எந்தக் கேஸானாலும் முடிச்சுக் குடுத்துருவாருன்னேன். நம்பாத மாதிரி பாத்தாருங்க. உட்டனா? ஜட்ஜுமாருக ஊட்டுக்கு மாசாமாசம் ஊத்துக்குளி நெய்யே இவருதான் அனுப்பறாருன்னேன். அப்பத்தான் மனுசன் மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சுங்க."

பீகாரிலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர் ஒருவன் டீக் கிளாஸோடு எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நான் கூட சொன்னான் சார். வக்கீல் சாப் கை ரொம்ப லம்பா, டெல்லி வரைக்கும் போகும்."

அருள்செல்வன் பெஞ்சில் உட்கார்ந்தார். இனி என்ன செய்வது? விசாரித்தவரைத் தேடிப்போய் அத்தனையும் பொய் என்று சொன்னால், பரிந்துரைக்கப்பட்டவரே அதிகாரியைச் சந்தித்தார் என்று ஆகும். டெல்லியில் யாரிடமாவது சொல்லிவைத்தால், டெல்லியில் கை இருக்கிறது என்பது நிரூபணமாகிவிடும். தம்பியிடம் உண்மையைச் சொன்னால் நாளைக் காலை பிளக்ஸ்.

திடீரென்று ஒரு நப்பாசை எழுந்தது. தன்னைப் பற்றி ஊரில் கெட்டவிதமாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் உண்டே! வீட்டுக்கு வேகமாகத் திரும்பினார்.

"மோகா, அந்தாளு நல்லான் சித்தப்பாவப் பாத்தாராடா?"

மோகன்ராஜ் பெருமையாகச் சிரித்தான். "அந்த வாயி சும்மா இருக்குமுங்களா? வெள்ளகோவில்ல ஒரு எருமை வெலைக்கு இருக்குதுன்னு சொல்லி, அன்னிக்கு நம்ம கார்லயே ஏத்தி அனுப்பிச்சுட்டேன்."

தேடிப்போனபோது நல்லான் தன் தோட்டத்தில் மோட்டார் ரூம் பக்கம் நின்றிருந்தார். அருள்செல்வனைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"வாடா பெரிய வக்கீலு! சொந்தச் சித்தப்பன் வண்டித்தடத்துக் கேஸுக்கு மெட்ராஸ் வரைக்கும் வந்தேன். படிச்சுப் பாத்துட்டு, நாயம் எதுத்த பக்கம் இருக்குதுங் சித்தப்பா, தடத்த உட்டுக் குடுத்துருங்கன்னு திருப்பி அனுப்புனவன் தானடா நீ? கலெக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்றான்னா, அப்படியெல்லாம் சொல்றதில்லைன்ன. ஒரு வட்டச் செயலாளரக்கூடத் தெரியல உனக்கு. நீயெல்லாம் என்ன வக்கீலு?"

இத்தனை வருடத் தொழிலில் தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமான நற்சான்றிதழை அருள்செல்வன் கேட்டதில்லை.

"இன்னொருக்கா சொல்லுங்க சித்தப்பா."

"நக்கலாடா? எவனாச்சும் உன்னையப் பத்தி வந்து கேக்கட்டும். நாக்கப் புடுங்கிக்கற மாதிரி சொல்றேன்."

"வந்தாருங்க சித்தப்பா. நீங்க எருமை பாக்கப் போயிருந்தீங்க."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் டெல்லியிலிருந்து பட்டியல் வந்தது. கூட அனுப்பப்பட்ட மற்றவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அவர் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அரசாங்கம் தடுத்தது என்று ஒரு சாராரும், நீதிபதிகளே கைவிட்டுவிட்டார்கள் என்று இன்னொரு சாராரும் வராந்தாவில் சண்டை போட்டார்கள். சாதிக் கணக்கு என்றார் ஒருவர். கொள்கைப் பழிவாங்கல் என்று சொன்ன இளம் வக்கீல்கள் அவருக்காகக் கண்டனக் கூட்டம் நடத்தவும் தயாராக இருந்தார்கள். ஊத்துக்குளி நெய் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? வடைக்காரர் அதன்பிறகு கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வடை அதிகமாக வைத்தார்.

அன்று மாலை மோகன்ராஜ் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பெரிய எடத்துலருந்து ஒரு தாக்கலும் இல்லீங்ணா. பூங்குழலி சிரிச்சுக்கிட்டுத் திரியறா. எனக்குத்தான் மனசு ஆறல. நாம எங்கியோ கொறச்சுச் சொல்லிட்டமுங்ணா."

"கொறச்சா?"

"ஆமாங்ணா. அடுத்தவாட்டி உடமாட்டேன். சுப்பையன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுட்டேன். எங்கண்ணன் சீக்கிரம் ஹைகோர்ட்டு ஜட்ஜாகப் போறாருன்னே சொல்லிருன்னு. பொய்தானுங், ஆனா அதையெல்லாம் டெல்லி வரைக்கும் போயி எவன் விசாரிக்கப் போறான்?"

"சொல்லுடா மோகா," என்றார் அருள்செல்வன். "நல்லவிதமாச் சொல்லு."