சிவப்புப் பொத்தான்

மருந்துப் பெட்டி கட்டும் கூடத்தில் மணி காதைப் பிளந்தது. நெருப்பு இல்லை. வாசலில் இருந்த மனநிலைப் பெட்டியில் யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். பச்சை என்றால் மகிழ்ச்சி, சிவப்பு என்றால் வருத்தம். வருத்தப்படுவது யாரென்று உடனே தெரியட்டும் என்று மணியை இணைத்தவர் மேனேஜர்.

தன் மைத்துனனான சூப்பர்வைசரை மணியை நிறுத்த அனுப்பிவிட்டு, அவர் கூடத்துக்குள் வந்து, சத்தம் குறையக் கதவைச் சாத்தினார்.

"யாரு அமுக்கினது?"

"நான்தான் சார்," என்றாள் லேபிள் அக்கா. டீ இடைவேளை பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான் என்று சூப்பர்வைசரிடம் ஒருமுறை வாதாடியவள். அதற்கப்புறம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. "ஏழு வாரமா ஞாயித்துக்கிழமை வேலை எனக்குத்தான் விழுது. இந்த ஞாயிறு என் பொண்ணு முதல் தடவையா மேடையில நடிக்கிறா சார். நான் போகணும்."

மற்ற நால்வரும் தலை குனிந்து மும்முரமாக அட்டை மடித்தார்கள். ஏழு வாரமாகப் பச்சையை அமுக்கியவர்கள் அவர்கள்.

"சீட்டுக் குலுக்கிதானேம்மா போடுறோம்? டப்பாவுக்குக் கண்ணா இருக்கு, உன்னைத் தேடிப் பிடிக்க? நீயே பாத்துக்க." சீட்டு டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார்.

ஐந்து சீட்டு, ஐந்து பேர். அவள் பெயர் ஒன்றே ஒன்றுதான். நாலு சீட்டு மெல்லிய தாள். அவளுடையது மட்டும் மருந்துப் பெட்டியில் வெட்டிய தடித்த அட்டை.

அந்த அட்டையை அவள் விரலால் நெருடிப் பார்த்தாள். குரலில் தேன் வடிந்தது.

"என் சீட்டு அழுக்காயிடுச்சு சார். புதுசா எழுதிப் போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போடு. இங்க ஒளிவுமறைவே கிடையாது."

லேபிள் தாளில் ஒரு துண்டு கிழித்துப் பெயரை எழுதி, மற்றவற்றைப் போலவே மடித்து, ஐந்தையும் டப்பாவில் போட்டாள். அட்டை குப்பைக்குப் போனது.

மணி நின்றது. சூப்பர்வைசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாராவாரம் சீட்டு எடுப்பது அவன்தான்.

"எல்லார் முன்னாடியும் எடுடா," என்றார் மேனேஜர். "நம்ம நியாயத்தை இவங்க கண்ணால பாக்கட்டும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டான். துழாவினான். மறுபடி துழாவினான். நால்வரின் கைகளும் மடிப்பதை நிறுத்தின.

"என்னடா, உள்ள கிணறா வெட்டுற? எடு."

அவன் அவர் காதருகே குனிந்தான். மணிக்குப் பக்கத்திலேயே நின்றதில் அடைத்துப் போயிருந்த காது அவனுக்கு. கிசுகிசுப்பது கூடம் முழுக்கக் கேட்கிறது என்று தெரியவில்லை.

"அத்தான், அந்த அட்டைச் சீட்டைக் காணோம்."