ராஜகுமாரி கூப்பிடும்வரை

தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் சட்டத்தில் அடுக்க வேண்டும். தொட்டால் மருந்தில் முக்கும்போது ஒட்டிக்கொள்ளும். கண் சொக்காமலிருக்கப் பெண்கள் கதை சொல்வார்கள். அசந்துபோயிருந்த சொர்ணத்தாய் அன்று தூங்கும் ராஜகுமாரி கதையை மாற்றினாள். வழக்கமாக ராஜகுமாரன் தொட்டதும் விழித்து மாலையிடும் ராஜகுமாரி, "அங்கனயே நில்லும். நான் ஆசப்பட்டுக் கூப்பிட்டா வாரும்" என்றாள்.

புருஷனிடம் சொர்ணத்தாயால் சொல்ல முடியாததுதான் அது. பக்கத்தில் நாத்தனார் மாரித்தாய் இருந்தாள். கேட்ட கதையை வீட்டில் ஒப்பிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மாரித்தாய் சிரித்தாள். "மதினி, அண்ணன் ராத்திரி கட்டில வெளிய போட்டுப் படுத்தாம்லா. ராஜகுமாரி எப்பக் கூப்பிடுவாளாம்னு கேக்கான்."

"மொதல்ல அவ நல்லாத் தூங்கி எந்திரிக்கட்டும் ஏட்டி. பெறகுல்லா ஆசை வரும்" என்று சொர்ணத்தாய் அடுத்த சட்டத்தை இழுத்துக்கொண்டாள்.