தண்டாயுதபாணி நர்சரிக்குப் போனது

1961ஆம் வருடம் மே மாதக் கடைசியில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் மாதர் சங்கம் ஒன்று குழந்தைகளுக்காக ஒரு நர்சரி திறந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போகலாம். இரண்டு அறை, தகரக் கூரை, பின்புறம் ஒரு பேரிக்காய் மரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளங்கியிலிருந்து வந்த பாப்பம்மாள் என்ற ஆயா. இவ்வளவுதான் நர்சரி. திறப்பதற்கு முன் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்தவர் சுகாதார ஆய்வாளர் சேனாதிபதி. ஊரார் அவரைச் சானிட்டரி ஐயா என்பார்கள். அவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்விடத்தில் எந்தக் குழந்தையையும் நம்பி விடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார்.

இரண்டு வாரத்தில் அந்த வாக்கியம் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அவர் மனைவி சண்முகவள்ளி கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். ஜூன் மாதம் அவளுக்கு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. மகன் தண்டாயுதபாணிக்கு அப்போது ஒன்றரை வயது. பழனியிலிருந்து சொந்தக்காரர் யாரையாவது துணைக்குக் கூப்பிடலாம் என்றால், மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரும் நழுவிவிட்டார்கள். பிள்ளையை நர்சரியில் விடுவதாகச் சண்முகவள்ளி சொன்னாள். சேனாதிபதி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். அங்கே மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள் வரும், கக்குவான் வரும், மணல்வாரி வரும், சிரங்கு வரும் என்று அடுக்கினார்.

"எந்தக் குழந்தையையும் நம்பி விடலாம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் அவள்.

"எந்தக் குழந்தையையும்னா அது மத்தவங்க குழந்தை, வள்ளி."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சண்முகவள்ளி மோர் ஊற்றினாள். பிள்ளை திங்கட்கிழமை முதல் நர்சரிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது.

முடிவானதும் சேனாதிபதி தற்காப்பில் இறங்கினார். நர்சரி வாசலில் ஃபினாயில் தெளித்த சாக்கு விரிக்கப்பட்டது. அதற்கு அடுத்து ஒரு வாளியில் பர்மாங்கனேட் கலந்த ரோஜா நிறத் தண்ணீர். உள்ளே வருகிற எல்லாப் பிள்ளைகளும் அதில் கை நனைக்க வேண்டும். தண்டாயுதபாணியின் பாயைச் சுற்றி மூன்றடி தூரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். அதைத் தாண்டி வேறு குழந்தை வரக்கூடாது. அவனுக்கென்று தனி டம்ளர், தனி ஸ்பூன், மூக்கையும் வாயையும் மூட நாடா வைத்துத் தைத்த மெல்லிய மல் துணி. இத்தனையையும் சுமந்துகொண்டு, இரண்டு ஸ்வெட்டர், குல்லாய், காலுறையோடு பையன் வந்து இறங்கியபோது, சங்கத்துத் தலைவி பிள்ளைக்கு ஏதோ பெரிய ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று நினைத்துக் கண்கலங்கினாராம்.

முதல் நாள் மாலைக்குள் மல் துணி ஒரு பூனைக்குட்டியின் முகத்தில் இருந்தது. சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்ததும், இது ஏதோ விளையாட்டுக்குப் போட்டது என்று மற்ற பதின்மூன்று பிள்ளைகளும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நர்சரி முழுக்கக் காலியாகக் கிடந்தது, வட்டத்துக்குள் மட்டும் இடமில்லை. ரோஜா நிறத் தண்ணீரைச் சர்பத் என்று எண்ணி மூன்று வயது ஆசியா அதில் பன்னைத் தோய்த்தாள். நல்லவேளை, வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே பாப்பம்மாள் பிடுங்கிவிட்டாள். வார முடிவில் எல்லாப் பிள்ளைகளின் உள்ளங்கையும் பழுப்பேறிவிட்டது. ஆசியாவின் தாய் சர்புன்னிசா பஜாரில் தையல் வேலை செய்பவள். மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மருதாணி வைக்கிறதென்றால் ஒழுங்காக வைக்கக்கூடாதா என்று பாப்பம்மாளிடம் குறைப்பட்டாள்.

இதெல்லாம் சில்லறை ஏற்பாடு. சேனாதிபதி மெய்யாகவே நம்பியது தம் காலை ஆய்வைத்தான். தினமும் எட்டரை மணிக்கு வாசலில் நின்றுகொள்வார். பிள்ளைகள் உயர வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கீழிமையையும் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். பிறகு நாக்கு, பிறகு நகம். வரிசையில் முதலில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவரின் மகன் பொன்னுச்சாமி. கடைசியில் தண்டாயுதபாணி. தம் பிள்ளைக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சு வரக்கூடாது. அதோடு, மற்ற பதின்மூன்று பேரும் நோயற்றவர்கள் என்று தெரிந்த பிறகுதான் அவனை உள்ளே விட முடியும். பதினான்கு பேர் கையும் வாளியில் நனைந்தது. பார்க்கிறவர் கையை எதில் நனைப்பது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரத்தில் ஒரு தும்மல்கூட இல்லை. சேனாதிபதிக்கு அது தம் திட்டத்தின் வெற்றியாகவே பட்டது. 'பாலர் காலை ஆய்வுத் திட்டம்' என்று தலைப்பிட்டு நாலு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மலையிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களுக்கும் இதை விரிவாக்கலாம் என்று முடித்திருந்தார்.

இரண்டாவது திங்கட்கிழமை பொன்னுச்சாமியின் வலது கண் லேசாகச் சிவந்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பீளை. அடுப்புப் புகை பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, இமையை விட்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார் சேனாதிபதி.

புதன்கிழமை பொன்னுச்சாமிக்கு இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதாக நிற்கிற பிள்ளைக்கும், மூன்றாவதாக நிற்கிற ஆசியாவுக்கும் கண்வலி. வியாழக்கிழமை இன்னும் மூவர். சேனாதிபதி சும்மா இருக்கவில்லை. எதிரில் கட்டியிருந்த ஆட்டை இடம் மாற்றினார். பன் கடைக்காரருக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். ஈ வருகிறதென்று பேரிக்காய் மரத்தின் பெரிய கிளை ஒன்றை வெட்டவைத்தார். கிணற்றில் மருந்து போட்டார். காலை ஆய்வை இன்னும் கவனமாக, ஒரு கண்ணுக்குப் பதில் இரண்டு கண்ணையும் இழுத்துப் பார்த்து நடத்தினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, பாப்பம்மாள் அவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். ஆறு பிள்ளை பெற்று வளர்த்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்கய்யா. இந்த நோவு வரிசையில வருதுங்க. நீங்க நிக்கவைக்கிற வரிசையில. முந்தாநாளு மூணாவது வரைக்கும், நேத்து ஆறாவது வரைக்கும். இன்னைக்கு ஒம்பதாவது பிள்ளைக்கும் கண்ணுல தண்ணி."

"நோய்க்கு எங்கம்மா வரிசை தெரியும்?"

"நோய்க்குத் தெரியாதுங்க. ஒங்க கட்டவெரலுக்குத் தெரியும்."

சேனாதிபதி கையை வெளிச்சத்தில் நீட்டினார். தம் வலது கட்டைவிரலைப் பார்த்தார். நகம் வெட்டி, சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு வாசலுக்குப் போய் ரோஜா நிறத் தண்ணீரில் அந்த விரலை விட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். வாளியில் என்ன விழுந்துவிட்டதோ என்று பஜாருக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்தபோது விரல் மரப்பட்டை நிறத்தில் இருந்தது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. சனிக்கிழமை காலை தண்டாயுதபாணி கண்ணைத் திறக்கவில்லை. இமை இரண்டும் பணியாரம் போல வீங்கி, இமைமயிர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேனாதிபதிக்கும் வந்தது. நர்சரியை ஒரு வாரம் மூடினார்கள். மூடும்படி உத்தரவு எழுத வேண்டியவர் கண் தெரியாமல் கிடந்ததால், உத்தரவை மனைவி எழுத, அவர் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வேலையில் சேர்ந்து இரண்டு வாரமே ஆனதால் சண்முகவள்ளிக்கு லீவு கிடையாது. "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெள்ளனே கிளம்பிவிட்டாள். ஆக, அப்பனும் பிள்ளையும் வீட்டில் தனியாக ஐந்து நாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பையன் உதைப்பான், திமிறுவான். தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு துடைக்கவேண்டும். துடைத்துவிட்டு, சேனாதிபதி சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கழுவிக்கொண்டே இருப்பார். பயிற்சிக் காலத்தில் கை கழுவுவதைப் பற்றித் தாம் எழுதிய இரண்டு பக்க விடைக்கு முழு மதிப்பெண் வாங்கியது நினைவுக்கு வரும். பதின்மூன்று வீட்டிலும் இதே நேரத்தில் யாரோ ஒருவர் இப்படிப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்ததும் மறுபடி சோப்பை எடுப்பார்.

நாலாம் நாள் தண்டாயுதபாணிக்குக் கண் தெளிந்தது. தத்தித் தத்தி வந்து அப்பாவின் மடியில் ஏறி, பிசுபிசுத்த தன் கட்டைவிரலை அவர் கண்ணுக்குக் கீழே வைத்து இமையை இழுத்து உற்றுப் பார்த்தான். பிறகு நாக்கைக் காட்டச் சொல்வதுபோல் தன் நாக்கை நீட்டினான். மகன் நர்சரியில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. சேனாதிபதி சிரித்தார். கண்வலியிலும் சிரிப்பிலும் தண்ணீர் ஒரேயடியாக வழிந்தது.

வேலைக்குத் திரும்பியதும் நோய் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. படிவத்தில் 'நோய் பரவிய வழி' என்று ஒரு கட்டம். முதலில் 'தெரியவில்லை' என்று எழுதினார். அடித்துவிட்டு 'பருவநிலை' என்று எழுதினார். சண்முகவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த சிவப்புப் பென்சிலை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். அவர் வேறு தாள் எடுத்து, 'ஆய்வு செய்த அலுவலரின் கட்டைவிரல்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே பஜாரில் சர்புன்னிசாவைப் பார்த்து, உங்கள் பிள்ளைக்கு வந்தது என்னால்தான் என்றார். அவள் தையலை நிறுத்தாமல், அது பாப்பம்மா சொல்லி எங்களுக்கு முன்னமே தெரியும் என்றாள். பிறகு, நீங்களாக வந்து சொல்ல எத்தனை நாள் ஆகும் என்றுதான் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றும் சொன்னாள்.

நர்சரி மறுபடி திறந்த அன்று அவர் வாசலில் நிற்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார், அவ்வளவுதான். ஒற்றை ஸ்வெட்டரோடு தண்டாயுதபாணி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனான். வாளி இருந்த இடத்தில் பாப்பம்மாள் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தாள். "அவன் சளி பிடிச்சு, சளி விட்டுத்தான் வளருவான். நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்கய்யா" என்றாள். அந்த வாரமே அவனுக்குச் சளி பிடித்தது. அடுத்த வாரம் விட்டது.

ஜூலை நடுவில் மேலிடத்திலிருந்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதோடு அவருடைய நோய் அறிக்கையே திரும்பி வந்திருந்தது. நோய் பரவும் வழிகளாக விதியில் ஏற்கப்பட்டவை தண்ணீர், பால், ஈ, கொசு, பிற பிராணிகள் ஆகிய ஐந்து மட்டுமே. கட்டைவிரல் என்ற இனம் பட்டியலில் இல்லை. எனவே ஐந்தில் ஒன்றைக் குறித்து மறுபடி அனுப்பவும். சேனாதிபதி இரண்டு தடவை படித்தார். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் 'பிற பிராணிகள்' என்பதற்கு எதிரே கோடு போட்டு அனுப்பினார். அது ஏற்கப்பட்டது.

இரண்டாவது கடிதம் பாராட்டு. அவர் எழுதி அனுப்பியிருந்த காலை ஆய்வுத் திட்டம் மிகச் சிறந்தது என்றும், உடனே கவுஞ்சியிலிருந்து தொடங்கி மேல்மலைக் கிராமங்களில் அதை அமல்படுத்த வேண்டும் என்றும், ஆய்வு செய்யப்பட்ட கண்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்தத் திட்டத்தால் என்ன நடந்தது என்று விளக்கி அவர் பதில் எழுதினார். விளக்கம் கோப்பில் சேர்க்கப்பட்டது, முதலில் அமல்படுத்தவும் என்று மறுபதில் வந்தது.

அப்படித்தான் ஆகஸ்டு மாதம் ஒரு காலையில் அவர் கவுஞ்சிக்குப் போனார். உருளைக்கிழங்கு வயலில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். எல்லாருக்கும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உத்தரவுப்படி நாற்பத்து நான்கு கண்ணைப் பார்க்க வேண்டும். சேனாதிபதி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். தூர நின்றே, அவரவர் கண்ணை அவரவர் இழுத்துக் காட்டுங்கள், நாக்கையும் நீட்டுங்கள் என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருபத்திரண்டு பேரும் கீழிமையை இழுத்து, நாக்கைத் தொங்கவிட்டு, அரசாங்க அதிகாரிக்குப் பூச்சாண்டி காட்டினார்கள். வயலில் நின்ற தாய்மார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். இதுவும் சர்க்கார் உத்தரவா என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் ஒருவர். ஆமாம், எழுத்திலேயே இருக்கிறது என்றார் சேனாதிபதி.

பதிவேட்டில் நாற்பத்து நான்கு என்று எழுதிவிட்டு அவர் கொட்டகைக்குள் கால் வைக்கப் போனபோது, வாசலை மறித்துக்கொண்டு ஒரு நாலு வயதுச் சிறுமி நின்றாள்.

"நீங்க காட்டலையே?"

சேனாதிபதி சுற்றுமுற்றும் பார்த்தார். கையைப் பின்னாலிருந்து எடுத்து, தம் கண்ணைத் தாமே இழுத்து, நாக்கை நீட்டினார். அவள் எட்டி நின்று, இரண்டு கண்ணையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. உள்ள வாங்க" என்றாள்.