எர்லன்ஸ்டைன் வம்சத்துப் பனி

மூன்று வருசத்துக்கு முந்திய சித்திரையில், நிந்தவூரில் மற்ற எல்லாக் கூரையும் வெயிலில் வெடித்துக்கொண்டிருக்க, நாச்சியாவின் வீட்டின் மேல் மட்டும் பனி கொட்டியது. நம் மார்கழிப் பனியல்ல. கணுக்கால் புதையக் கொட்டுகிற வெள்ளைப் பனி. அடுத்த வளவில் கொச்சி மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. முதல் கிழமை ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் கிழமை மீன்காரர்கள் பெட்டியோடு வந்து அள்ளிப் போனார்கள். ஐஸ் விலை விழுந்தது. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

காரணம் கடிதமாக வந்தது. ஜேர்மனியில் எர்லன்ஸ்டைன் என்றொரு சிற்றரசு இருந்ததாம். சம்மாந்துறை வயல்வெளிக்குள் இரண்டு தரம் அடங்கிவிடும்; அதற்குப் போய் அறுநூறு வருச வெட்டுக்குத்து. முதலாம் லுட்விக் அண்ணனைக் கிணற்றில் தள்ளிவிட்டு அரச கதிரையில் ஏறினான். மூன்றாம் லுட்விக்கைக் காட்டுப்பன்றி முட்டிக் கொன்றது. வாரிசுச் சண்டை தீரும்வரை ஒரு வருசம் அந்தப் பன்றியே கதிரையில் இருந்தது, அந்த வருசம் மட்டும் வரி ஏறவில்லை. ஐந்தாம் லுட்விக்கின் இளைய மகன் கார்ல் தமையனோடு கோபித்து, ஒல்லாந்தர் கொம்பனியில் சிப்பாயாகி, மட்டக்களப்புக் கோட்டைக்கு வந்து, அங்கிருந்தும் ஓடி, நிந்தவூரில் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு வந்து, கதீஜா என்பவளைக் கலியாணம் முடித்தான். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு மகளுக்கு, குடிப்பெயர் தாயிடமிருந்து. ஆகவே கார்லின் பெயரை அவன் பிள்ளைகளே மறந்துபோனார்கள். அங்கே அரசும் நூறு வருசத்துக்கு முன் கலைந்து, மிஞ்சியது ஒரு கோட்டையும் பட்டமும். கடைசி இளவரசர் பிள்ளையில்லாமல் மவுத்தான அன்றுதான் இங்கே பனி தொடங்கியது. கார்லின் பரம்பரையையும், ஆண் வாரிசின் பெயரில் பூர்வீக வீட்டின் உறுதிப் பத்திரத்தையும் அனுப்பச் சொல்லி, பட்டத்துக்கு வாரிசு தேடிய அந்தக் குடும்பச் சங்கம் எழுதியிருந்தது.

ஆனால் உறுதி நாச்சியாவின் மகள் றிஸ்லாவின் பெயரில் இருந்தது. சம்மாந்துறை மில்லில் வேலை பார்க்கும் றிபாத்துக்கும் அவளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்தாயிற்று. அவன் வந்து இருக்கப்போகும் வீடு அது. கூடவே றிஸ்லா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கலியாணச் சாரி எடுக்கக் கல்முனைக்குப் போன நாளில் வீட்டில் பனி நின்றது. பஸ்ஸுக்கு மேல் கொட்டியது. கொண்டக்டர் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு மிச்சக் காசைக் கொடுத்தான்.

"வாப்பா, பனி ஊட்டுக்குக் கொட்டல்ல. எனக்குத்தான் கொட்டுது," என்றாள்.

"நீ சும்மா இரி மகள். இது ஆம்புளையள்ட விசயம்," என்றார் காலிதீன். மனைவி வீட்டில் முப்பது வருசம் இருந்த மனுசனுக்கு, றிஸ்லாவின் காக்காவை, மூத்த மகன் நிப்றாஸை, கோட்டையில் இருத்திப் பார்க்கும் ஆசை தலைக்கேறியிருந்தது.

நாச்சியா அவளுடைய தலையைத் தடவினாள். "மூணு மாசந்தான் புள்ள. காக்கா கோட்டைக்குப் போனா உனக்குப் பத்து ஊடு கட்டித் தருவான்."

"ஓம் உம்மா," என்று றிஸ்லா வீட்டைக் காக்காவின் பெயருக்கு மாற்றிக் கையெழுத்து வைத்தாள். அந்த ஓமுக்காகத் தன்னை ஏசிக்கொள்ளாத நாள் பிறகு அவளுக்கு இருக்கவில்லை.

பரம்பரையை நாச்சியா மூச்சு விடாமல் சொன்னாள்: தான், தன் உம்மா, உம்மாவின் உம்மா, இப்படியே கதீஜாவின் மகள் வரை. பன்னிரண்டு பெண்கள், ஒரு கண்ணி அறவில்லை. காலிதீன் அழகான கையெழுத்தில் எழுதினார். ஆண்களின் பெயரைச் சேர்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வேறு குடிகளிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனவர்கள். பதில் வரும்வரை பொறுக்காமல் நிப்றாஸ் வீட்டை ஐஸ் தொழிற்சாலைக்கார மக்கீனுக்கு விற்று விமானம் ஏறினான். மக்கீன் வாங்கியது வீட்டையல்ல, பனியை.

பதினொரு மாதத்தில் பதில் வந்தது. பரம்பரை முழுவதும் உண்மை, இப்படித் துப்புரவான சாட்சியத்தைத் தாங்கள் கண்டதேயில்லை என்று பாராட்டியிருந்தார்கள். ஆனால் எர்லன்ஸ்டைன் சட்டப்படி இடையில் ஒரு பெண் வந்தாலே வழி அறுந்துவிடும். இதிலோ பன்னிரண்டு பேர். பட்டம் வேறொரு அரச குடும்பத்துப் பேரனுக்குப் போயிற்று. கோட்டை ஹோட்டலானது. நிப்றாஸ் அதன் குசினியில் கோப்பை கழுவுகிறான்.

றிபாத்தின் உம்மா முஸ்பிறா வந்து வாசலிலேயே நின்றாள். "புள்ளையில ஒரு குறையுமில்ல. ஊடில்லாம எங்கட மகன் எங்க வந்து இரிக்கிற?" றிபாத் ஒலுவிலில் மாடி வீடுள்ள இடத்தில் முடித்தான். றிஸ்லா வாய்விட்டு அழுதாள். அழுகை முடிந்தபோது கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது, அது இன்னும் இருக்கிறது.

சாமான்களை ஏற்றிய டிரக்டரின் மேல் பனி கொட்டிக்கொண்டே வந்து, சாய்ந்தமருதில் அவர்கள் எடுத்த வாடகை அறைக்கு மேல் நின்றது. மக்கீனின் வீடு ஒரே நாளில் காய்ந்தது. அறையின் சொந்தக்காரர், கூரைப் பனியைக் குடியிருப்பவரே அள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை நிப்றாஸ் அழைத்தான். "றிஸ்லா, இஞ்ச மூணு வருசமாப் பனியே இல்ல. வாற சனமெல்லாம் ஏசுது. அங்க எப்படி?"

"இஞ்ச விழுது காக்கா. ஊடிரிக்கா எண்டு அது மட்டுந்தான் என்னட்டக் கேக்கல்ல."

வாசலில் மீன் பெட்டிகள் வரிசையில் வந்துவிட்டன. அவள் போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.