கோயில் படிக்கல்

அப்பாவின் தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சிடும்போதுதான், கோயில் மணி அடிக்கவில்லை என்பது யோகலட்சுமிக்கு உறைத்தது.

தெருவில் பிணம் கிடக்கும்வரை அடிக்க மாட்டார்கள். நாளை குடமுழுக்கு. யாகசாலைப் பூசை பாதியில் நின்றிருந்தது.

அப்பா விடிகாலையில் போனார். அண்ணன் வேல்பாண்டி துபாயில் விமானம் ஏறிவிட்டான். மதுரையில் இறங்கி வீடு சேர இருட்டிவிடும். கொள்ளி வைக்க அவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை.

"ஒங்க மாமா வந்திருக்காக," என்றாள் பக்கத்து வீட்டு ஆயி. "வெளியதான் நிக்கிறாக."

அம்மாவின் தம்பி செம்மலை எதிர்ச்சுவரோரம் நின்றிருந்தார். திருப்பணிக் கமிட்டித் தலைவர். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியவர் சாவு வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது.

"மச்சான் மொகத்தப் பாக்கக்கூட முடியலத்தா."

யோகலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"ஊரே காத்துக் கெடக்கு. மத்தியானத்துக்குள்ள தூக்கிட்டா... கொள்ளிக்கு ஒங்க சித்தப்பா மகன் அஜித் இருக்கான். பங்காளிதான?"

"அண்ணே கெளம்பிருச்சு மாமா."

"தெரியும்த்தா."

வாசலோரம் கிடந்தது பழைய கோயிலின் படிக்கல். நடுவில் கால்கள் தேய்த்த குழி. கோயிலை இடித்தபோது அப்பா வண்டி வைத்துக் கொண்டுவந்து போட்டது. அதில் யாரையும் உட்கார விடமாட்டார்.

புதுக் கோயிலின் கல்வெட்டில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று வெட்டப்போகிறார்கள் எனக் கேள்விப்பட்டதும் அப்பா கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.

"பழைய கம்பத்துக்கு பெயிண்ட் அடிச்சா, புதுப்பிச்சோம்னு எழுதுவோம். புடுங்கிப் போட்டு வேற நட்டா, புதுக்கம்பம்னுதான் எழுதுவோம். இடிச்சோம், கட்டுனோம்னு வெட்டுங்க. அதுல என்ன வெக்கம்?"

"அப்படியே அம்மனுக்கு ஒரு மீட்டரும் மாட்டிவிடுங்க மச்சான்," என்றார் செம்மலை.

கூட்டம் சிரித்தது. அதன்பின் அப்பா கோயிலுக்குப் போகவில்லை. மாமாவும் இந்த வீட்டுக்கு வரவில்லை.

ஆனாலும் உச்சிக்கால மணி கேட்காமல் அப்பா சோற்றில் கை வைத்ததில்லை. தட்டின் முன் உட்கார்ந்து, "அடிச்சிருச்சா?" என்பார்.

செம்மலை படிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்வெட்ட இன்னும் தெறக்கல. அந்த வார்த்தைய மாத்திப்புடலாம்த்தா."

"அப்பா இருக்கையில மாத்தியிருக்கலாம்ல மாமா."

அவர் காப்பைத் திருகினார்.

"தூக்கிட்டா மணி அடிச்சிருவீகளா?"

"தெருவக் கழுவுனதும் அடிச்சிருவோம்."

அவள் உள்ளே போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சரியென்று தலையை அசைத்தாள். அண்ணனின் போன் அணைந்திருந்தது. வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்.

"அண்ணே, அப்பாவத் தூக்கச் சொல்லிட்டேன்." அழுத்திய விரலை எடுக்காமல் தெருப்பக்கம் காது கொடுத்தாள். "மணி அடிக்கலண்ணே."

பாடை தெருமுனை திரும்பும்வரை செம்மலை சுவரோரமே நின்றார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. பின்னால் போகவில்லை.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தெருவுக்கும் தண்ணீர் தெளித்தாயிற்று.

மணி அடித்தது.

மூலையில் கிடந்த அம்மா எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பற்றவைக்காத அடுப்பின் முன் நின்றாள்.

யோகலட்சுமி வாளியில் மிச்சமிருந்ததைப் படிக்கல்லின் மேல் ஊற்றினாள். புழுதி வழிந்து இறங்கியது. குழியில் மட்டும் தண்ணீர் நின்றது.