கால்வாய் வற்றிய காலை

வெனிஸ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளம்தான் ஞாபகம் வரும். ஜனவரிக் கடைசியில் கடல் உள்வாங்கி, சின்னக் கால்வாய்களில் வெறும் சேறு கிடக்கும் என்பது இங்கேயே கிடப்பவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும் நான் கோட்டைவிட்டேன்.

அன்று என் விடுதியில் இரண்டே பேர். கூட்டம் இல்லாத மாதம், வாடகை பாதி என்று கூனேயோ ஊரிலிருந்து வந்த ஓர்னெல்லாவும் அவள் கணவர் எத்தோரேயும். காலை ஏழரைக்குக் காபி குடித்துக்கொண்டிருந்த எத்தோரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "படகைத் தண்ணி வாசலுக்கே கொண்டு வாங்க" என்றேன். வீட்டிலிருந்து நேரே கால்வாயில் திறக்கும் வாசல் அது. சோபா வருவதும் சவப்பெட்டி போவதும் அந்த வழியாகத்தான், வாயில் அதுதான் வந்தது. பிறகு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். கீழே ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை.

அதற்குள் போன் அடித்தது. "படகு உங்க கால்வாய் முனையில தரைதட்டிடுச்சு. சேத்துல இறங்கவும் முடியல. வேற படகு பெரிய கால்வாய்க் கரைக்கு வருது. அவரை அங்க தூக்கிட்டு வர ஆள் இருக்கா?"

ஆளா? சந்துக்கு ஓடி, ஆம்புலன்ஸ் படகு தரைதட்டிவிட்டது, தூக்க ஆள் வேண்டும் என்று கத்தினேன். பதினான்கு வாசல், பதின்மூன்றில் சுற்றுலாக்காரர்களுக்குச் சாவி வைக்கும் பெட்டி தொங்குகிறது. கோடையில் நடக்க இடமிருக்காது. இப்போது ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உபால்தோவின் ஜன்னல்.

சின்ன வயதில் நானும் அவனும் ஒரே படகில் துடுப்புப் போட்டவர்கள். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. என் மாடியில் குடியிருந்த அவன் அக்காவையும் அவளுடைய இரண்டு பையன்களையும் விடுதிக்காக நான்தான் காலி செய்ய வைத்தேன். எத்தோரே படுத்த அறை அவளுடையது.

கதவைத் தட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"தண்ணி வாசலுக்கா வரச் சொன்ன?"

"ஆமா."

"ஜனவரில. நல்லா இருக்கு." கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான். "கை வச்ச நாற்காலியும் படுக்கை விரிப்பும் எடு. ஓடு."

நாற்பது வருடம் கூலிக்குத் துணி துவைக்கும் மெஷின்களைப் பாலம் பாலமாகச் சுமந்தவன். விரிப்பால் எத்தோரேயை நாற்காலியோடு கட்டினான். ஓர்னெல்லா கதவைத் திறந்துவிட்டு முன்னால் ஓடினாள்.

முதல் பாலத்தில் நாற்காலியை அப்படியே நேராகப் படியேற்றப் போனேன்.

"பாலம் ஏறும்போது முதுகுப்பக்கம் முன்னாடி போகணும். இல்லன்னா ஆள் சரிஞ்சுடுவார். திருப்பு."

"முடியல உபால்தோ."

"எங்கக்கா பீரோவ இறக்கினப்ப நல்லா முடிஞ்சுதே அம்மணி. தூக்கு."

அழுகை வந்தது. தூக்கினேன். இரண்டாவது பாலத்தின் உச்சியில் எத்தோரேயின் தலை தொங்கிவிட்டது. "எத்தோரே, என்னைப் பாருங்க" என்று ஓர்னெல்லா திரும்பி வந்து கன்னத்தைத் தட்டினாள். அவர் கண் திறக்கவில்லை. பனி பிடித்த படியில் என் கால் வழுக்கியது. முழு பாரத்தையும் உபால்தோ மார்பில் தாங்கிக்கொண்டான். படி படியாக இறங்கினோம்.

கரையில் படகு காத்திருந்தது. மூச்சுக்கருவி மாட்டினார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எத்தோரேயின் விரல்கள் ஓர்னெல்லாவின் கையைப் பற்றின. "பொழச்சுக்குவார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா சொல்ல முடியாது" என்றாள் நர்ஸ்.

காலி நாற்காலியை உபால்தோ ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தான். என் வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு இரைத்தது. அவனுக்கும் அறுபத்தாறு ஆகிறது.

"உள்ள வா. ஒரு காபி குடிச்சிட்டுப் போ."

"வேண்டாம்." சந்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். "நாளைக்கு எனக்கு நெஞ்சு வலிச்சா நாற்காலிய ஒரு பக்கம் நீ பிடிப்ப. தெரியும். இன்னொரு பக்கம் யாரு பிடிப்பா?"

அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் நாற்காலியோடு வாசலிலேயே நின்றேன்.